மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

ஜான்ஸ் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு விடியற்காலையில் ஒரு பஸ் கிளம்பும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலக் கடலோரத்தில் இருக்கிறது அந்தத் தீவு. நகரத்தில் வீட்டுவேலையும் ஆலை வேலையும் துறைமுகக் கூலிவேலையும் பார்த்த கறுப்பின மக்கள்தான் பயணிகள். பஸ்ஸின் சொந்தக்காரரும் ஓட்டுநரும் ஒருவரே. ஈசா ஜென்கின்ஸ் என்று பெயர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நகரத்துக் கிரேக்க வணிகர்களிடம் காய்கறி விற்பதற்காகக் கிரேக்க மொழியையே பேசக் கற்றுக்கொண்டவர். 1950-களின் தொடக்கத்தில் அவர் தன் பயணிகளிடம் தட்டச்சு செய்த தாள்களைக் கொடுக்கத் தொடங்கினார். அந்த மாநிலத்தின் வாக்காளர் பதிவுச் சட்டம் அதில் இருந்தது. போகும் வழியில் அதை வாசித்துக் காட்டி விளக்குவார்.

பயணிகளில் ஆலிஸ் வைன் என்ற பெண் இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாக்காளராக வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. ஜென்கின்ஸ் வாசித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சட்டப் பகுதியை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார். பதிவு அலுவலகத்துக்குப் போனார், ஒப்பித்தார், வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. உண்மையிலேயே எழுதப் படிக்கக் கற்றுத் தாருங்கள் என்று ஜென்கின்ஸிடம் கேட்டார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் உரையும், பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸும், பாலத்தில் அடிவாங்கிய ஊர்வலமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை எல்லாம் நடந்தவை, பெரியவை. ஆனால் அந்த ஊர்வலங்களில் நடந்தவர்களைத் தயார் செய்த வேலை, கேமராக்கள் எட்டிப் பார்க்காத சின்னச் சின்ன அறைகளில் நடந்தது. அங்கே பெரியவர்கள் பென்சில் பிடிக்கக் கற்றார்கள். அந்த வேலையின் நடுவில் நின்றவர் செப்டிமா கிளார்க் என்ற பள்ளி ஆசிரியை.

கொடுத்த உரிமையைக் காகிதத்தால் பறித்தவர்கள்

வாக்களிக்கப் போகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது?

உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1870-ல் வந்த 15-வது அரசியல் சட்டத் திருத்தம், இனத்தையோ நிறத்தையோ முன்பு அடிமையாக இருந்ததையோ காரணம் காட்டி யாருடைய வாக்குரிமையையும் மறுக்கக் கூடாது என்றது. அன்று அது ஆண்களுக்கு மட்டுமே பொருந்தியது. பெண்களுக்கு வாக்குரிமை வர 1920 ஆயிற்று. வாக்குரிமை பெற்ற கறுப்பின ஆண்களே புயலாகக் கிளம்பினார்கள். தென் கரோலினா சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உட்கார்ந்த காலம் உண்டு. 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் அமெரிக்க செனட்டுக்குப் போனார். அங்கே நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

இந்த நிலை நீடிக்க விடவில்லை. கூ கிளக்ஸ் கிளான் போன்ற கும்பல்கள் கொலையாலும் தீவைப்பாலும் மிரட்டின. தென் மாநிலங்களில் சட்டத்தைக் காத்து நின்ற மத்தியப் படைகள் 1877-ல் விலகிக்கொண்டன. அதன் பிறகு அந்த மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் புதிய அரசியல் சட்டம் எழுதின: மிசிசிப்பி 1890, தென் கரோலினா 1895, லூசியானா 1898, அலபாமா 1901.

இந்தச் சட்டங்களில் எங்கேயும் கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்று எழுதவில்லை. எழுதினால் 15-வது திருத்தம் அதைச் செல்லாததாக்கிவிடும். அதனால் வேறு வழி பிடித்தார்கள். வாக்களிக்க வரி கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும் என்றார்கள். தென் கரோலினாவில் சட்டத்தின் எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் படித்து எழுதத் தெரிய வேண்டும். இல்லையென்றால் வரி கட்டிய 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். லூசியானாவில் இன்னொரு தந்திரம். 1867-க்கு முன் தந்தையோ தாத்தாவோ வாக்காளராக இருந்திருந்தால் பேரனுக்குத் தேர்வே வேண்டாம். அன்று அடிமையாக இருந்தவரின் பேரனுக்கு இந்தச் சலுகை எங்கே கிடைக்கும்? எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையர் மட்டும் இந்த வாசலால் உள்ளே போனார்கள்.

விளைவு உடனே தெரிந்தது. லூசியானாவில் 1896-ல் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,000-க்கும் மேல். 1904-ல் 1,342 பேர் மட்டுமே மிச்சம்.

தேர்வு எப்படி நடக்கும், என்ன கேட்கப்படும், தேறினாரா இல்லையா என்பதையெல்லாம் முடிவுசெய்தவர் ஒரே ஆள்: உள்ளூர்ப் பதிவு அலுவலர். அவர் வெள்ளையர். வெள்ளையர் வந்தால் எளிதான ஒரு வரி. கறுப்பினத்தவர் வந்தால் வழக்கறிஞரே திணறும் பகுதி. பட்டம் பெற்ற ஆசிரியர்களையும் தேர்வில் தவறினார்கள் என்று திருப்பி அனுப்பிய கதைகள் தெற்கு முழுவதும் உண்டு. அதற்கும் மேலே இருந்தது பிழைப்பு பற்றிய பயம். பதிவுக்குப் போன செய்தி மறுநாளே முதலாளி காதுக்கு எட்டும். வேலை போகும், குடியிருக்கும் குடிசை போகும், கடையில் கடன் நின்றுபோகும்.

துவைத்த துணி சுற்றிய காகிதத்தில் பாடம்

செப்டிமா கிளார்க் 1898-ல் சார்ல்ஸ்டனில் பிறந்தார். அவருடைய அப்பா அடிமையாகப் பிறந்து வளர்ந்தவர். மகள் ஆசிரியப் பயிற்சி முடித்தபோது, சார்ல்ஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தக்கூடக் கறுப்பின ஆசிரியர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் 1916-ல், 18 வயதில், ஜான்ஸ் தீவுக்குப் போனார். பள்ளியில் 132 பிள்ளைகள், ஆசிரியர்கள் இருவர். கரும்பலகைக்கும் வழியில்லை. சலவைக் கடையில் துணி சுற்றித் தரும் காகிதங்களைச் சுவரில் ஒட்டி, பிள்ளைகள் சொன்ன கதைகளை அதில் எழுதி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். எதிர்ப்பக்கம் இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகள். அந்த ஆசிரியைக்குச் சம்பளம் 85 டாலர், கிளார்க்குக்கு 35.

பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அவரிடம் ராத்திரியில் பெரியவர்கள் வந்தார்கள். ஊர்ச் சங்கக் கூட்டங்களில் எழுந்து பேச வேண்டும், அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 40 ஆண்டுகளுக்குப் பிறகு அதே தீவில் நடக்கப்போவதன் விதை அங்கே விழுந்தது.

கறுப்பின ஆசிரியர்களைச் சார்ல்ஸ்டனில் சேர்க்கக் கோரி என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமைச் சங்கம் இயக்கம் நடத்தியபோது கிளார்க் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். 1920-ல் அந்தத் தடை விலகியது. பிறகு கொலம்பியா நகரில், வெள்ளை ஆசிரியருக்கும் கறுப்பின ஆசிரியருக்கும் ஒரே சம்பளம் கேட்டு நடந்த வழக்குக்கும் உழைத்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் அந்தப் போராட்டத்தில் வாதாடியவர்களில் ஒருவர்.

1954-ல் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தெற்கு மாநிலங்கள் கொதித்தன. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருந்த என்.ஏ.ஏ.சி.பி.யை ஒடுக்கக் கிளம்பின. 1956-ல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது: அரசுச் சம்பளம் வாங்கும் எவரும் அந்தச் சங்கத்தில் இருக்கக் கூடாது. விலகுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் கிளார்க்கின் வேலை தப்பித்திருக்கும். அவர் எழுதவில்லை. வேலை போயிற்று; 40 ஆண்டு உழைப்புக்குச் சேரவேண்டிய ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 58. இந்தச் சட்டத்தை எதிர்க்க வாருங்கள் என்று கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். பயப்பட்டவர்களை அவர் குறை சொல்லவில்லை. முன்கூட்டி அவர்களைத் தயார்செய்யாமல் கூப்பிட்டது தன் பிழை என்று பின்னாளில் சொன்னார். அவர் அடுத்து செய்த வேலை முழுவதும் மனிதர்களை முன்கூட்டித் தயார்செய்யும் வேலையாகவே இருந்தது.

ஜன்னல் இல்லாத அறை

டென்னசி மலைப்பகுதியில், மான்டீகிள் ஊருக்கு அருகே, ஹைலேண்டர் மக்கள் பள்ளி இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளையர் 1932-ல் தொடங்கிய இடம். முதலில் தொழிற்சங்கத்தாருக்கும், பிறகு இனச் சமத்துவத்துக்காக உழைப்பவர்களுக்கும் பயிற்சி முகாம்கள் நடத்தியது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே கூரையின் கீழ் தூங்கிய இடம், தெற்கில் அபூர்வமானது. கிளார்க் 1954-ல் அங்கே போனார். அடுத்து ஈசா ஜென்கின்ஸையும் அழைத்துப் போனார். உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று கேட்டபோது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்க ஒரு பள்ளிக்கூடம் என்றார் ஜென்கின்ஸ். வேலை இழந்த கிளார்க்கை ஹைலேண்டர் தன் பயிற்சித் துறைக்குச் சேர்த்துக்கொண்டது.

முதியோர் வகுப்பு அந்தத் தீவுக்குப் புதிதல்ல. ஏற்கனவே நடந்து, ஆள் வராமல் நின்றுபோயிருந்தது. ஹார்ட்டன் அங்கே தங்கி மக்களிடம் பேசியபோது காரணம் தெரிந்தது. பெரியவர்களைச் சிறுபிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்து, சிறுபிள்ளைகளின் முதல் பாடப் புத்தகத்தை நீட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்க வயலில் உழைத்துவிட்டு வந்த மனிதர்களுக்கு அது அவமானமாக இருந்தது.

ஜென்கின்ஸும் தீவுக்காரர்களும் நடத்திவந்த முன்னேற்றச் சங்கம், ஹைலேண்டர் கொடுத்த 1,500 டாலர் கடனில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்கம் இரண்டு அறைகள். எட்டிப்பார்த்து யாரும் துப்பறியக் கூடாது என்பதற்காக அந்த அறைகளுக்கு ஜன்னலே வைக்கவில்லை. வெளியே பார்ப்பவர்களுக்கு அது வெறும் மளிகைக் கடை.

பாடம் நடத்த யாரைக் கூப்பிடுவது? பயிற்சி பெற்ற ஆசிரியரை வேண்டாம் என்றார்கள் கிளார்க்கும் ஹார்ட்டனும். அவர்கள் பெரியவர்களைப் பிள்ளைகளாக நடத்திப் பழகியவர்கள். மேலும் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள், ஒரு மிரட்டலில் விலகிவிடலாம். கிளார்க்கின் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பியூட்டி பார்லர் நடத்தினார், தையலும் தெரியும். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. தெற்கு முழுவதும் உரிமைப் போராட்டத்தில் பியூட்டி பார்லர்கள் கூடுமிடங்களாக இருந்ததற்கும் இதே காரணம்தான்.

1957 ஜனவரி 7-ம் தேதி இரவு, 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. நான் ஆசிரியை இல்லை, நாம் சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று ராபின்சன் முதலிலேயே சொல்லிவிட்டார். கையோடு கொண்டுபோன தொடக்கப் பள்ளிப் பாடங்களை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பதில்கள் வந்தன. தன் பெயரை எழுத வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். தபாலில் சாமான் வரவழைக்கும் கடைகளின் படிவத்தையும் நிரப்ப வேண்டும். அதுதான் பாடத்திட்டம் ஆனது. வாக்காளர் பதிவுப் படிவமும் அதோடு சேர்ந்தது.

பெயரை எழுதக் கற்றுத்தர ஒரு முறை வைத்திருந்தார்கள். மாணவரின் பெயரை அட்டையில் பள்ளமாகச் செதுக்கிக் கொடுப்பார்கள். அவர் பென்சிலால் அந்தப் பள்ளத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவார். கை அந்த வளைவுகளுக்குப் பழகிய பிறகு வெறும் தாள். கலப்பை பிடித்து இறுகிய விரல்களில் பென்சில்கள் முறிந்துபோகும். பரவாயில்லை, உழவுக் கை அது, இன்னொரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிளார்க் சொல்வார். ஐ.நா. சபையின் உலக மனித உரிமைப் பிரகடனத்தை ராபின்சன் சுவரில் மாட்டினார். வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் வாசிக்க வேண்டும் என்றார். 65 வயதுப் பெண் ஒருவர், பலகையில் எழுதியிருந்த பல பெயர்களுக்கு நடுவில் தன் பெயரைக் கண்டுபிடித்துத் தொட்டுக் காட்டிய நாளைப் பற்றிப் பின்னாளில் ராபின்சன் பேசும்போது, அன்று தன் உடம்பு சிலிர்த்ததாகச் சொன்னார்.

விவசாய வேலை குறைந்த குளிர்கால மாதங்களில், வாரம் இரண்டு இரவுகள் வகுப்பு நடந்தது. படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தேறினார்கள். பக்கத்துத் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும் தங்களுக்கும் இப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டன. குடியுரிமைப் பள்ளி என்ற பெயர் பரவியது.

பள்ளியை மூடலாம், படித்ததை என்ன செய்வது?

ஹைலேண்டரின் பங்கு இந்தத் தீவுகளோடு முடியவில்லை. 1955 கோடையில் கிளார்க் நடத்திய பயிற்சி முகாமுக்கு அலபாமாவின் மான்ட்கோமரியிலிருந்து ரோசா பார்க்ஸ் வந்திருந்தார். அந்த டிசம்பர் 1-ம் தேதி அவர் பஸ்ஸில் இருக்கையை விட மறுத்தார். 381 நாள் நீடித்த பஸ் புறக்கணிப்பு பிறந்தது.

அதனாலேயே ஹைலேண்டர் மீது ஆத்திரம் பெருகியது. 1957-ல் அங்கே நடந்த விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்தார். அப்போது எடுத்த புகைப்படத்தைச் சாலையோரப் பெரிய விளம்பரப் பலகைகளில் போட்டு, கிங் கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளியில் படித்தவர் என்று தெற்கு முழுவதும் பிரச்சாரம் செய்தார்கள். 1959-ல் போலீஸ் அங்கே சோதனை போட்டுக் கிளார்க்கைக் கைது செய்தது. அன்றிரவு விளக்கை அணைத்து வைத்த கூடத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள், ‘வீ ஷேல் ஓவர்கம்’ பாட்டைப் பாடி, அச்சத்தை மறுக்கும் புதிய அடி ஒன்றையும் அதில் சேர்த்தார்கள். அந்தப் பாட்டே சார்ல்ஸ்டன் புகையிலை ஆலைப் பெண் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திலிருந்து ஹைலேண்டருக்கு வந்ததுதான். 1961-ல் டென்னசி மாநிலம் பள்ளியின் உரிமத்தை ரத்து செய்து சொத்தை ஏலம் போட்டது.

அதற்குள் குடியுரிமைப் பள்ளி வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் தென் மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியாவில் டார்செஸ்டர் என்ற பழைய பள்ளி வளாகத்தில் கிளார்க், டாரதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் பயிற்சி நடத்தினார்கள். ஐந்து நாள் பயிற்சி. தெற்கின் மூலைமுடுக்கிலிருந்து விவசாயிகள், சமையல்காரர்கள், பாதிரியார்கள், பியூட்டி பார்லர் பெண்கள் வந்தார்கள். வங்கிக் கணக்கு தொடங்குவது, விண்ணப்பம் எழுதுவது, அரசியல் சட்டம் தரும் உரிமைகள், பதிவு அலுவலர் மறுத்தால் அடுத்து எங்கே போவது எல்லாம் பாடம். ஊருக்குத் திரும்பிய ஒவ்வொருவரும் ஆசிரியர். வகுப்பறைக்குத் தனிக் கட்டடம் தேடவில்லை. சமையலறை, கடையின் பின்கட்டு, தேவாலய முற்றம், மரத்தடி எல்லாமே பள்ளிக்கூடம். 1970 வரைக்கும் தெற்கில் ஏறத்தாழ 900 பள்ளிகள் இப்படி நடந்தன.

மஞ்சள் நிறம் அதிகம் என்று அபராதம்

இந்த வகுப்புகளில் உருவானவர்களில் ஃபேனி லூ ஹேமரும் ஒருவர். மிசிசிப்பியின் பருத்திக் காட்டில், குத்தகை விவசாயக் குடும்பத்தின் இருபதாவது பிள்ளை. 44 வயது வரை கறுப்பினத்தவருக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதே தெரியாது. 1962 ஆகஸ்டில் ஒரு தேவாலயக் கூட்டத்தில்தான் கேள்விப்பட்டார். அந்த மாதக் கடைசி நாளில் மேலும் 17 பேரோடு ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா நகருக்குப் பதிவுக்குப் போனார். அரசியல் சட்டத்தின் கடினமான ஒரு பகுதிக்கு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பள்ளிப் பஸ்ஸைப் போல மஞ்சள் நிறம் அதிகமாக இருக்கிறது என்று ஓட்டுநருக்கு அபராதம்.

அன்று மாலையே நிலத்தின் சொந்தக்காரர் வந்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் நிலத்தை விட்டுப் போ என்றார். உங்களுக்காகப் பதிவுசெய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு, 18 ஆண்டு வேலை செய்த இடத்தை விட்டு வெளியேறினார் ஹேமர். பின்னர் தேர்வில் தேறினார். 1963 ஜூனில் தென் கரோலினாவில் குடியுரிமைப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது வினோனா நகரில் அவரையும் கூட வந்தவர்களையும் கைது செய்தார்கள். சிறையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து அடித்தார்கள். சிறுநீரகம் கெட்டது, ஒரு கண்ணின் பார்வை மங்கியது. அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் நாட்டுக்குச் சொன்னார்.

உயிரையே விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு. மிசிசிப்பியில் என்.ஏ.ஏ.சி.பி.யின் களப்பணியாளர் மெட்கர் எவர்ஸ் 1963-ல் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1964 கோடையில் வாக்காளர் பதிவு வேலைக்கு வந்திருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். 44 நாள் தேடிய பிறகே உடல்கள் கிடைத்தன.

செல்மா

அலபாமாவின் டல்லஸ் மாவட்டத் தலைநகர் செல்மா. மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15,000 பேர். 1965 தொடங்கியபோது பட்டியலில் இருந்தவர்கள் சில நூறு பேர். பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டே நாள் திறந்திருக்கும். அங்கே பல ஆண்டுகளாக அமெலியா பாய்ன்டன் என்ற பெண்மணி தன் அலுவலகத்தில் மக்களுக்குப் பதிவுப் படிவம் நிரப்பக் கற்றுத்தந்து வந்தார். அவருடைய அழைப்பின்பேரில்தான் கிங்கும் அவர் இயக்கமும் செல்மாவுக்கு வந்தார்கள்.

1965 ஜனவரி 22-ம் தேதி நடந்தது செல்மாவையே அசைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் பள்ளி முடிந்ததும் வரிசையாக நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். வேலை போகும் பயத்தில் அதுவரை ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள். இப்போது சிறைக்குப் போகவும் தயார் என்று காட்ட ஒவ்வொருவரும் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார்கள். தங்கள் ஆசிரியர்களைத் தெருவில் பார்த்த மாணவர்கள் அடுத்தடுத்த நாள்களில் நூற்றுக்கணக்கில் கிளம்பினார்கள்.

பிப்ரவரியில் பக்கத்து ஊரான மேரியனில், பலமுறை பதிவுக்குப் போய்த் திரும்பிய 26 வயது ஜிம்மி லீ ஜாக்சனைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டார். தன் அம்மாவையும் தாத்தாவையும் அடியிலிருந்து காப்பாற்றப் போனவர் அவர். அவருடைய மரணத்துக்கு நியாயம் கேட்டு, தலைநகர் மான்ட்கோமரிக்கு நடப்பது என்று முடிவாயிற்று. மார்ச் 7-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஏறத்தாழ 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தார்கள். மறுகரையில் மாநிலப் போலீஸ் தடியோடும் கண்ணீர்ப் புகையோடும் காத்திருந்தது. முன்வரிசையில் நடந்த ஜான் லூயிஸின் மண்டை ஓடு பிளந்தது. அமெலியா பாய்ன்டன் நினைவிழந்து கீழே கிடந்த படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. இரண்டு வாரம் கழித்து, நீதிமன்ற அனுமதியும் மத்தியப் படைப் பாதுகாப்பும் பெற்று, மீண்டும் கிளம்பி 87 கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்தார்கள். மான்ட்கோமரியில் முடிந்தபோது கூட்டம் 25,000.

ஆகஸ்ட் 6-ம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. உள்ளூர் அலுவலர் மறுத்தால் மத்திய அரசின் அலுவலர் நேரே வந்து பதிவுசெய்யலாம். பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். இந்த மூன்றாவது விதிதான் சட்டத்தின் முதுகெலும்பு. தவறு நடந்த பிறகு வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலைமையை அது தலைகீழாக்கியது.

மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவான கறுப்பினத்தவர் விகிதம் 6.7 சதவீதத்திலிருந்து 1967-க்குள் 59.8 சதவீதமாக உயர்ந்தது. செல்மாவில் மக்களைத் தடியால் அடித்து விரட்டிய ஷெரிஃப் ஜிம் கிளார்க், 1966 தேர்தலில் பதவி இழந்தார். அவரைத் தோற்கடித்தவை புதிய கறுப்பின வாக்குகள். சட்டம் வந்ததும் இவ்வளவு வேகமாக மக்கள் வரிசையில் நின்றதற்கு, பல ஆண்டுகளாகச் சமையலறைகளிலும் மரத்தடிகளிலும் நடந்த வகுப்புகளும் ஒரு காரணம்.

இயக்கத்துக்குள்ளேயே ஒரு போராட்டம்

இத்தனைக்கும் கிளார்க்கின் பெயர் மேடைகளில் அதிகம் கேட்கவில்லை. தலைமை மாநாட்டின் நிர்வாகக் குழுவில் அவர் இருந்தார். ஆனால் அங்கே இருந்த பாதிரியார்கள் ஒரு பெண்ணின் யோசனைக்குக் காது கொடுப்பது அரிதாக இருந்தது. அவர் ஏன் குழுவில் இருக்கிறார் என்று அந்தப் பாதிரியார்களில் ஒருவரான ரால்ஃப் அபர்நாதி பலமுறை கேட்டதைக் கிளார்க் பதிவு செய்திருக்கிறார். எல்லா ஊர்வலத்துக்கும் தலைவரே வராமல், அந்தந்த ஊரில் தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று கிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை வாசித்துக் காட்டியபோது கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிங் மீது அவருக்கு இருந்த மதிப்பு இதனால் குறையவில்லை. இயக்கத்தின் பெரிய பலவீனங்களில் ஒன்று பெண்களை நடத்திய விதம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1970-ல் ஓய்வுபெற்று சார்ல்ஸ்டன் திரும்பினார். சில ஆண்டுகளில், தன்னை வேலையை விட்டு நீக்கிய அதே சார்ல்ஸ்டனில் மாவட்டப் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு தவணை பணியாற்றினார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கும் மேல். 1976-ல் மாநில அரசு அவருடைய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்தது. 1987-ல், முதன்முதலில் பாடம் நடத்தப் போன ஜான்ஸ் தீவில் காலமானார்.

வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான முன் ஒப்புதல் விதி 2013 வரை நின்றது. அந்த ஆண்டு ஜூனில், ஷெல்பி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைச் செயலற்றதாக்கியது. எந்த மாநிலங்கள் ஒப்புதல் பெற வேண்டும் என்று கணிக்கும் முறை பழையதாகிவிட்டது, நாடு மாறிவிட்டது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மழையில் நனையாமல் இருக்கிறோம் என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவது போன்றது இது என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். தீர்ப்பு வந்த அன்றே டெக்சஸ் தன் கடுமையான வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. வட கரோலினா அதே ஆண்டு கொண்டுவந்த தேர்தல் சட்டம் கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்து வரையப்பட்டது என்று கண்டு, 2016-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் மூன்று ஆண்டுகள் போய்விட்டன.

பாலத்தில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ் 1987 முதல் 2020-ல் இறக்கும்வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். முன் ஒப்புதல் விதியை மீட்க அவர் பெயரில் எழுதப்பட்ட மசோதா 2021-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் தடைபட்டது. எந்த அடையாள அட்டை செல்லும், எந்தத் தேதிக்குள் பெயர் சேர்க்க வேண்டும், வாக்குச் சாவடி எந்தத் தெருவுக்கு மாறியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லித்தரும் வேலையைத் தெற்கின் தேவாலயங்களும் தன்னார்வக் குழுக்களும் தேர்தலுக்குத் தேர்தல் செய்துவருகின்றன.